தொட்டி மோட்டாருக்கு ஒரு போர்டு: எந்த மென்பொருளில் வரைவது?

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பும் மோட்டாருக்குத் தானாக ஓடி நிற்கும் ஏற்பாடு ஒன்று நெடுநாளாகவே தேவைப்பட்டது. கீழ்த்தொட்டியில் தண்ணீர் இருந்து மேல்தொட்டி குறைந்திருந்தால் மோட்டாரைப் போட வேண்டும். மேல்தொட்டி நிரம்பினாலோ கீழ்த்தொட்டி வற்றினாலோ நிறுத்த வேண்டும். பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு படிக்கும் அண்ணன் மகன் இதையே தன் புராஜெக்டாக எடுத்துக்கொண்டு, பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) செய்து ஓட்டியும் காட்டிவிட்டான். அடுத்து அவன் கேட்டது, "சித்தப்பா, போர்ட எந்த சாஃப்ட்வேர்ல போடட்டும்?" என்பது. பாகங்களை ஈயம் வைத்துப் பொருத்தும் செம்புத்தடப் பலகையை, அதாவது பிசிபியைத்தான் போர்டு என்கிறான். பல ஆண்டுகளாக மாலை நேரங்களில் சால்டரிங் புகைக்கு நடுவே உட்கார்ந்திருப்பவன் என்றாலும், உடனே ஒரு பெயரைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய சுற்றையே நான்கு மென்பொருள்களில் வரைந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அப்படி வரைந்து பார்த்ததில் தெரிந்தவையே இந்தக் கட்டுரை.

சுற்று எளியதுதான். 28 கால் கொண்ட ஏட்மெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் எழுதி ஓட்டும் சில்லு), 230 வோல்ட்டை 5 வோல்ட் டிசியாக மாற்றும் ஹெச்எல்கே-பிஎம்01 என்ற சிறிய கறுப்புப் பெட்டி, 5 வோல்ட் ரிலே (சுருளில் மின்சாரம் பாய்ந்தால் மாறும் சுவிட்ச்) ஒன்று, அதை இயக்க ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ரிலே சுருளின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, ஒரு ஃபியூஸ், மட்ட உணரிகளின் கம்பிகள் வந்து சேர எட்டு வழி டெர்மினல் பிளாக். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே 5 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும், புறப்படும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அந்தச் சிறிய ரிலேயை நேராக மோட்டாரில் மாட்டவில்லை. ரிலே, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டர் ஒன்றின் சுருளை மட்டும் இயக்கும், மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். ஆகவே போர்டில் பெரிய மின்னோட்டம் எதுவும் ஓடப்போவதில்லை. ஆனால் கைபடக்கூடிய 5 வோல்ட்டும், உயிரை எடுக்கக்கூடிய 230 வோல்ட்டும் ஒரே பலகையில் அருகருகே இருக்கப்போகின்றன. எங்களுடைய தேர்வைப் பெரும்பாலும் தீர்மானித்தது இந்த அண்டைவீட்டு உறவுதான்.

மென்பொருள்களை ஒப்பிடும்போது வழக்கமாகப் பேசப்படுபவை எத்தனை அடுக்கு வரையலாம், தடங்களைத் தானே இழுத்துத் தரும் தானியங்கி ரவுட்டர் உண்டா, முப்பரிமாணக் காட்சி எவ்வளவு அழகாக இருக்கும் என்பவை. கிகேட்டில் 32 செம்பு அடுக்குகள் வரை வரையலாம் என்பது உண்மை. தொட்டி மோட்டாருக்கு அதில் முப்பத்தொன்று மிச்சம். வீட்டில் பொழுதுபோக்காகச் செய்பவருக்கு வேறு நான்கு கேள்விகளே முக்கியம் என்று நினைக்கிறேன். நான் செய்யும் தவறை அது எந்தக் கட்டத்தில் பிடிக்கும்? திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக் கடையில் கிடைக்கும் உதிரிப்பாகத்தை வைத்து அதில் வரைய முடியுமா? ஐந்து ஆண்டு கழித்து ரிலே புகைந்துபோய் போர்டை மறுபடி செய்ய வேண்டி வந்தால் அந்தக் கோப்பு திறக்குமா? என்னிடம் இருக்கிற கணினியிலும் இணைப்பிலும் அது ஓடுமா?

முதலில் கிகேட். நம் பையன்கள் கிகேட் என்கிறார்கள். அதை உருவாக்குபவர்கள் கீ-கேட் என்று நீட்டிச் சொல்கிறார்கள். பிரான்சின் கிரெனோபிளில் ஆசிரியராக இருந்த ழான்-பியேர் ஷரா 1992-இல் தொடங்கிய திட்டம் இது. 2013 முதல் செர்ன் ஆய்வு நிலையத்தின் ஒரு பிரிவு இதற்கு ஆளும் உழைப்பும் கொடுத்தது. 2019-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்குள் வந்தது. முழுக்க இலவசம், மூலநிரல் திறந்தது, பலகையின் பரப்பளவுக்கோ கால்களின் எண்ணிக்கைக்கோ வரம்பு கிடையாது. பாலிடெக்னிக் மாணவனுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு: ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டத்தார் சுற்று ஆய்வுக்காக உருவாக்கிய ஈசிம் என்ற மென்பொருள் கிகேட்டையும் என்ஜிஸ்பைஸையும் அடித்தளமாகக் கொண்டது என்பதால், ஒன்றில் பழகிய கை மற்றதிலும் ஓடும்.

புதிதாக வருபவர் கிகேட்டில் முதல் மாலையிலேயே இடறுவது சிம்பலும் ஃபுட்பிரிண்டும் (பலகையில் பாகம் உட்காரும் இடத்தின் அளவுப்படம்) தனித்தனி என்பதில்தான். வரைபடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்தால் அது வெறும் குறியீடு. அது கால் நீட்டிய கால்வாட் ரெசிஸ்டரா, துளையில்லாமல் பலகையின் மேலேயே உட்காரும் அரிசிக்குறுணை போன்ற எஸ்எம்டியா என்பதை நாம்தான் தனியே சொல்ல வேண்டும். இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்கு இது வசதியாகவே தோன்றுகிறது, ஏனென்றால் கடையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து ஃபுட்பிரிண்டைத் தேர்ந்துகொள்ளலாம். வரைபடத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் கவனம் வேண்டும். 28 கால் டிப் (இரு வரிசைக் கால் கொண்ட ஐசி) என்று தேடினால் இரு வரிசைகளுக்கு இடையே 7.62 மி.மீ. உள்ளதும் 15.24 மி.மீ. உள்ளதும் அடுத்தடுத்து நிற்கும். ஏட்மெகா328பி ஒல்லியானது, 7.62 தான். அகலமானதைத் தேர்ந்தாலும் மென்பொருள் மறுப்புச் சொல்லாது.

இரண்டாவது இடறல், வரைபடத்தில் இணைப்புகள் சரியா என்று மென்பொருளே பார்க்கும் மின்விதிச் சோதனை. அண்ணன் மகன் ஏட்மெகாவின் அனலாக் பகுதிக்கு மின்சாரம் வாங்கும் ஏவிசிசி காலுக்கு 10 மைக்ரோஹென்றி சுருள் ஒன்றின் வழியாக 5 வோல்ட் கொடுத்திருந்தான். அது சரியான முறைதான். சோதனையை ஓட்டியதும், அந்தக் காலுக்கு மின்சாரம் கொடுப்பவர் எவரும் இல்லை என்று சிவப்பு அம்புக்குறி வந்துவிட்டது. சுருளின் கால்களை மென்பொருள் மின்மூலமாகக் கருதாது; சுருளுக்கு அந்தப் பக்கம் வருவது மின்சாரமா வேறு ஏதாவதா என்று அதற்குத் தெரியாது. பவர் ஃபிளாக் என்ற குறியை அந்தக் கம்பியில் மாட்டிவிட்டால் பிழை போய்விடும். ஒரு மாலை முழுவதும் சுருளை எடுத்தும் போட்டும் பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் இதைச் சொன்னபோது அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமும் இருந்தது. இருந்தாலும், இப்படிப் பொய்யாக ஒன்றிரண்டு கத்தினாலும் கத்துகிற சோதனையே எனக்கு வேண்டும், ஏனென்றால் உண்மையாகவே தரைக்கம்பி விட்டுப்போன இடத்திலும் அதுதான் கத்துகிறது.

கிகேட் தன் மதிப்பைக் காட்டியது 230 வோல்ட் பகுதியில். வீட்டு மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். அந்தக் கம்பிகளை ஒரு நெட் வகுப்பாகவும் 5 வோல்ட் கம்பிகளை இன்னொரு வகுப்பாகவும் பிரித்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று தனி விதி எழுதும் வசதி 2021 டிசம்பரில் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. பலகையின் மேற்பரப்பு வழியாக 6 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்பது என் வழக்கம். அந்த விதியை எழுதிச் சோதனையை ஓட்டினால், எதிர்பார்த்த இடங்களில் எல்லாம் அமைதியாக இருந்துவிட்டு, ரிலேயின் அடியில் பிழை காட்டியது. பார்த்தால் அது நியாயமான பிழைதான். கடைகளில் கிடைக்கும் அந்த நீலநிறச் சதுர ரிலேயில் 230 வோல்ட் வரும் பொதுக்கால், 5 வோல்ட் சுருளின் இரண்டு கால்களுக்கு நடுவே, அவற்றின் வரிசையிலிருந்து ஏறக்குறைய 2 மி.மீ. தள்ளி நிற்கிறது. மையத்திலிருந்து மையத்துக்கு 6.3 மி.மீ. அளவுதான், 2.5 மி.மீ. பேடு (காலை ஈயத்தால் பிடிக்கும் செம்பு வட்டம்) வைத்தால் செம்புக்கும் செம்புக்கும் மிஞ்சுவது 4 மி.மீ.கூட இல்லை. காற்று வழியாகத் தாவுவதற்கு அந்த இடைவெளி பரவாயில்லை. ஆனால் சாரல் காலத்து ஈரமும் தூசியும் படிந்த பலகையின் மேற்பரப்பு வழியாகக் கசிவதற்கு அது கிட்டத்து வழி. பொதுக்காலைச் சுற்றிப் பலகையிலேயே ஒரு நீள்பிளவு வெட்டிவிட்டால் கசிவு சுற்றிக்கொண்டு போக வேண்டிவரும். 2025 பிப்ரவரியில் வந்த 9-ஆம் பதிப்பில் இந்த மேற்பரப்புத் தூரத்தைப் பிளவையும் கணக்கில் கொண்டு அளந்து சொல்லும் தனிச் சோதனை சேர்க்கப்பட்டிருக்கிறது. பிளவை வரைந்து இந்தச் சோதனையை ஓட்டினேன்; பிழை வரவில்லை. சந்தையில் விற்கும் மலிவான ரிலே மாடியூல்கள் சிலவற்றில் இந்தப் பிளவு இருப்பதையும், சிலவற்றில் இல்லாததையும் கடைக்குப் போனால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

இன்னொன்று சிறியது, ஆனால் எனக்குப் பிடித்தது. 2023-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் கணினியில் இருக்கும் எழுத்துருக்களைப் பலகையின் மேல் அச்சில் பயன்படுத்தலாம். ஆகவே டெர்மினல்களின் அருகே "மேல்தொட்டி", "கீழ்த்தொட்டி", "பொது" என்று தமிழிலேயே எழுதிவிட்டேன். பின்னாளில் கம்பி கழன்றால் வந்து மாட்டப்போவது நானாக இருக்க வேண்டியதில்லை. தெருவில் இருக்கும் வயரிங்காரரே படித்து மாட்டிவிடுவார். எழுத்து உயரத்தை 2 மி.மீ.க்குக் குறைக்கக் கூடாது. குறைத்தால் ஈகாரச் சுழியும் ஒற்றுப்புள்ளியும் அச்சில் மையாகத் திரண்டுவிடும்.

கிகேட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். உள்ளே தானியங்கி ரவுட்டர் இல்லை. வேண்டுமென்றால் கோப்பை வெளியே எடுத்து ஃபிரீரவுட்டிங் என்ற தனி நிரலில் ஓட்டி மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். நூலகங்களும் முப்பரிமாண உருவங்களும் சேர்ந்து சில ஜிபி இடத்தைப் பிடிக்கும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் இப்போதைய பதிப்பு ஏறும் என்று நம்பி உட்கார வேண்டாம். எல்லாவற்றையும் விடத் தொல்லையானது, புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது என்பது. வீட்டில் 9, கல்லூரி ஆய்வகத்தில் 6 என்றிருந்தால், வீட்டில் முடித்ததை ஆசிரியரிடம் காட்டப் படமாக மாற்றித்தான் எடுத்துப் போக வேண்டும்.

அடுத்தது ஈஸி ஈடிஏ. இது ஷென்சென் நகரத்துச் சரக்கு. பலகை செய்து கொடுக்கும் ஜேஎல்சிபிசிபி, உதிரிப்பாகம் விற்கும் எல்சிஎஸ்சி ஆகியவற்றோடு ஒரே குடும்பம். உலாவியைத் திறந்தால் போதும், நிறுவ ஒன்றும் இல்லை; கைக்கு அடக்கமான கணினியிலும் ஓடுகிறது. முதல் முறை போர்டு வரைபவர் முடித்த நிறைவைச் சீக்கிரம் அடைவது இதில்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கிகேட்டில் ஒரு மாலை எடுத்த வரைபடத்தை அண்ணன் மகன் இதில் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தான். காரணம், பாகத்தைத் தேடி எடுக்கும்போதே அதன் குறியீடும் ஃபுட்பிரிண்டும் படமும் விலையும் ஒன்றாக வந்துவிடுகின்றன. சி என்று தொடங்கும் எல்சிஎஸ்சி எண்ணை வைத்தே அவை அடையாளம் காணப்படுகின்றன. உள்ளேயே தானியங்கி ரவுட்டரும் உண்டு. முடித்ததும் அங்கேயே பலகைக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம். வேண்டுமானால் எஸ்எம்டி பாகங்களை அவர்களே ஈயம் வைத்து அனுப்பவும் செய்வார்கள். அப்படி வைத்துத் தருவதில் அடிப்படைப் பாகங்கள் என்று ஒரு பட்டியலும் விரிவுப் பாகங்கள் என்று ஒரு பட்டியலும் இருக்கின்றன; இரண்டாவது பட்டியலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வகைக்கும் தனிக் கட்டணம் ஏறும் என்பதைப் பில் வரும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள்.

அந்த வசதியேதான் நம் ஊரில் அதன் வரம்பும். நூலகம் அந்தக் கடையின் சரக்குப் பட்டியலைப் பின்பற்றுகிறது. நம் கடையில் இருப்பது வேறு. அங்கே ஒரு டெர்மினல் பிளாக்கைத் தேடினால் நூறு வகை வரும், அதில் எது ஜங்ஷன் கடைக்காரரின் டப்பாவில் இருப்பதோடு பொருந்தும் என்று சொல்ல ஆள் கிடையாது. பயனர்கள் தாங்களாகவே சேர்த்த பாகங்களும் அதே தேடலில் வந்துவிடுகின்றன. அவற்றில் நன்றாக அளந்து செய்ததும் இருக்கிறது, கண்ணளவில் செய்ததும் இருக்கிறது. சாதாரணப் பயன்பாட்டில் கோப்புகள் அவர்களுடைய சர்வரில்தான் இருக்கும். மேல்காற்று வீசும் ஆனி, ஆடியில் எங்கள் தெருவில் இணைப்பு வருவதும் போவதுமாக இருப்பதால் இதை நான் சற்று அதிகமாகவே நினைத்துக்கொள்கிறேன். கணினியில் நிறுவிக்கொள்ளும் பதிப்பும், கோப்புகளை நம்மிடமே வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. தொடங்கும்போதே அந்த முறையைத் தேர்ந்துகொள்வது நல்லது. பின்னால் மனம் மாறினாலும் வழி அடைத்துவிடவில்லை: 2024-இல் வந்த கிகேட் 8, ஈஸி ஈடிஏ கோப்புகளை நேராகவே திறக்கிறது. திறந்தபின் ஒவ்வொரு ஃபுட்பிரிண்டையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஈகிளைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் என் வயதுக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1988-இல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட இந்த மென்பொருளில்தான் எங்களில் பலர் முதல் போர்டை வரைந்தோம். ஆர்டுயினோ போர்டுகளின் மூலக் கோப்புகளே இதில் வரையப்பட்டவை. 2009-இல் பிரீமியர் ஃபார்னெல்லிடமும் 2016-இல் ஆட்டோடெஸ்க்கிடமும் கைமாறியது. 2017-இல் ஒரே முறை பணம் கொடுத்து வாங்கும் முறை போய்ச் சந்தா முறை வந்தது. 2023 ஜூனில், 2026 ஜூன் 7-க்குப் பிறகு தனி ஈகிள் விற்பனையும் ஆதரவும் இருக்காது என்று அறிவித்துவிட்டார்கள். போர்டு வரையும் அந்தத் திறன் இப்போது ஆட்டோடெஸ்க்கின் ஃபியூஷன் என்ற வடிவமைப்பு மென்பொருளுக்குள் ஒரு பகுதியாக இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான இலவச உரிமத்தில் இரண்டு தாள் வரைபடம், இரண்டு அடுக்கு, 80 சதுர செ.மீ. பரப்பு என்பது வரம்பு. சிறிய சுற்றுக்கு அது தாராளம் என்றே எவரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். ஆனால் 230 வோல்ட்டைத் தள்ளி வைக்க வைக்கப் பலகை பெருத்துக்கொண்டே போனது. கடைசியில் 98-க்கு 88 மி.மீ. என்று நின்றபோது பரப்பு 86 சதுர செ.மீ.; வரம்பைத் தாண்டிவிட்டது. பாகங்களை நெருக்கி வரம்புக்குள் அடக்க முடியும், ஆனால் மென்பொருளின் உரிமத்துக்காக மின்சாரத்தின் இடைவெளியைக் குறைப்பது என்பது எனக்கு ஒவ்வாத கணக்கு. பெட்டியின் இயந்திர வடிவத்தையும் போர்டையும் ஒரே இடத்தில் வரைய வேண்டும் என்பவருக்கு ஃபியூஷன் இன்றும் நல்ல தேர்வுதான். பழைய ஈகிள் கோப்புகளை வைத்திருப்பவர்கள் அவற்றைக் கிகேட்டில் திறந்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்தே அதற்கு வசதி இருக்கிறது.

ஃபிரிட்ஸிங் ஜெர்மனியின் போட்ஸ்டாம் கல்லூரி ஒன்றில் 2007 வாக்கில் பிறந்தது. பிரெட்போர்டின் படத்தின் மேல் கம்பிகளை இழுத்துக் காட்டுவதற்கு இதைவிட நல்லது இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ஒரு பார்வையில் புரியும். தரவிறக்கத்துக்குச் சில யூரோ கேட்கிறார்கள். அதிலேயே பிசிபி வரையவும் முடியும், ஆனால் மேலே சொன்ன மின்விதிச் சோதனையை அங்கே எதிர்பார்க்க முடியாது. 230 வோல்ட் போர்டை அதில் வரைய நான் ஒப்பவில்லை. வரைந்து பார்த்த நான்கில் நடுவிலேயே மூடிவிட்டு எழுந்தது இது ஒன்றைத்தான்.

புரோட்டியஸை அண்ணன் மகன் கல்லூரியில் பழகியிருக்கிறான். மைக்ரோகன்ட்ரோலர் நிரலைத் திரையிலேயே ஓட்டிப் பார்ப்பதற்கு அது சிறப்பானது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியது. பென்டிரைவில் கைமாறும் உடைத்த பிரதிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவற்றோடு வேறு என்ன வருகிறது என்பதை மடிக்கணினியை ஃபார்மட் செய்தவர்கள் சொல்வார்கள். டிப்டிரேஸின் இலவசப் பதிப்பு 300 கால், இரண்டு அடுக்கு வரை விடும்; எங்கள் சுற்றுக்குப் போதும், பழகுவதற்கும் இலகுவானது. 2023-இல் 1.0 கண்ட லிப்ரேபிசிபி சுத்தமாகவும் இலகுவாகவும் இருக்கிறது, நூலகம் இன்னும் வளர வேண்டும்.

இனி, எந்த மென்பொருளும் பிடிக்காத தவறுகள். ஒப்பீட்டில் இதற்கு இடம் இல்லை என்று சிலர் நினைக்கலாம். என் போர்டுகள் பழுதானதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் என்பதால் நான் அப்படி நினைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எட்டு வழி டெர்மினல் பிளாக்குக்கு 5.08 மி.மீ. இடைவெளி உள்ள ஃபுட்பிரிண்டை வைத்து வரைந்து, பலகை வந்ததும் கடையில் பிளாக்கை வாங்கிவந்து செருகப் பார்த்தேன். முதல் மூன்று கால்கள் இறங்கின, நான்காவது உரசியது, அதற்குமேல் இறங்க மாட்டேன் என்றது. நான் வாங்கியது 5.00 மி.மீ. இடைவெளிப் பிளாக். இரண்டு வழிப் பிளாக் என்றால் 0.08 மி.மீ. வித்தியாசம் தெரியவே தெரியாது. எட்டு வழியில் ஏழு இடைவெளிக்கும் சேர்ந்து அது 0.56 மி.மீ. ஆகிவிடுகிறது. பிளாக்கின் மேல் எண் எதுவும் எழுதியிருக்கவில்லை, வாங்கும்போது அளந்து பார்க்காதது என் தவறு. அதிலிருந்து கடைக்கு வெர்னியரோடுதான் போகிறேன். கடைக்கார அண்ணாச்சிக்கு ஆரம்பத்தில் இது வேடிக்கையாக இருந்தது.

டிரான்சிஸ்டரும் அப்படித்தான். "பிசி547 தீர்ந்துபோச்சு தம்பி, 2222 தாரேன், ரெண்டும் என்பிஎன்தான" என்று கடையில் சொல்வார்கள். என்பிஎன் என்பது சரிதான், கால் வரிசை வேறு. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கக் கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். போதாக்குறைக்குப் பி2என்2222 என்று ஒன்று இருக்கிறது, அதில் வரிசை மறுபடி பிசி547 போலவே. திருப்பி வைத்தால் வேலை செய்யும், ஆனால் பலகையில் அச்சிட்ட அரைவட்டம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்து வந்து மாற்றுபவர் அரைவட்டத்தை நம்பி வைத்துவிடுவார்.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்தாக நான் வைத்திருப்பது காகிதம். போர்டை முடித்ததும் அளவு மாறாமல் ஒரு தாளில் அச்சிட்டு, அதைத் தெர்மாகோல் துண்டின் மேல் ஒட்டி, வாங்கிய ஒவ்வொரு பாகத்தையும் அதில் குத்திப் பார்ப்பது. கடையில் அச்சிடும்போது தாளுக்கு ஏற்பச் சுருக்கும் தேர்வு இயல்பாகவே போட்டிருக்கும். அதை எடுக்கச் சொல்லி 100 சதவீதத்தில் அச்சிடச் சொல்ல வேண்டும். 97 சதவீதத்தில் வந்துவிட்டால், 28 கால் ஐசியில் முதல் காலுக்கும் பதினான்காம் காலுக்கும் இடையே 33.02 மி.மீ. இருக்க வேண்டியது 32 ஆகக் குறைந்திருக்கும், பாகம் தவறா தாள் தவறா என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான். ஓரத்தில் 50 மி.மீ. கோடு ஒன்றை வரைந்து வைத்தால் ஸ்கேலை வைத்து உடனே பார்த்துவிடலாம். இந்த அச்சைக் கிகேட்டும் ஈஸி ஈடிஏவும் ஒரே மாதிரி நன்றாகவே தருகின்றன.

வீட்டிலேயே ஃபெர்ரிக் குளோரைடில் அரிக்கப்போகிறவருக்கும் வெளியே கொடுத்துச் செய்பவருக்கும் தேர்வு கொஞ்சம் மாறும். அரிக்கிறவர் ஒற்றை அடுக்கில், தடத்தை 0.8 மி.மீ.க்குக் குறையாமல், பேடுகளை 2 மி.மீ. அளவில் வரைந்து, தாண்ட முடியாத இடத்தில் ஜம்பர் கம்பி போட வேண்டும். இதற்குத் தானியங்கி ரவுட்டர் உதவாது, தடத்தைத் தள்ளித் தள்ளி வழி பண்ணித் தரும் கிகேட்டின் கைமுறை ரவுட்டரே நல்லது. பளபளப்புத் தாளில் லேசர் அச்செடுத்து இஸ்திரிப் பெட்டியால் ஏற்றும்போது அடிப்பக்கத் தடங்களைக் கண்ணாடி பிம்பமாக்காமல் அப்படியே அச்சிட வேண்டும். ஏற்றும்போதே அது புரண்டு சரியாகிவிடும். இதை மாற்றிச் செய்து ஐசியைத் தலைகீழாக வளைத்து மாட்டியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வெளியே கொடுப்பவருக்கு எந்த மென்பொருளானாலும் கடைசியில் போவது கெர்பர் கோப்புதான். செம்பு, பச்சைப் பூச்சு, எழுத்து, ஓரம், துளை என்று தனித்தனியாக வெளியாகும் அந்தக் கோப்புகளை எந்தத் தொழிற்சாலையும் வாங்கிக்கொள்ளும். ஈஸி ஈடிஏவில் வரைந்ததால் ஷென்சென்னில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. குஜராத்திலும் பெங்களூருவிலும் செய்து தருகிறார்கள். பலகை இரு பக்கமும் 100 மி.மீ.க்குள் இருந்தால் பல இடங்களில் விலை குறையும் என்பதால்தான் நாங்கள் 98-இல் நிறுத்தினோம்.

அண்ணன் மகனுக்கு நான் சொன்னது இதுதான். ஒரே ஒரு போர்டு, எஸ்எம்டி பாகங்களோடு, அவர்களே ஈயம் வைத்துத் தர வேண்டும், அடுத்த மாதமே வேண்டும் என்றால் ஈஸி ஈடிஏ; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொட்டி போர்டு 230 வோல்ட்டைத் தொடுகிறது, பாகங்களை நம் கடையில் வாங்கப்போகிறோம், ஐந்தாறு ஆண்டு கழித்தும் இதே வீட்டில் இதைத் திறக்க வேண்டியிருக்கும், ஆகவே கிகேட். அதன் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால், மோசமான நாளில் நோட்பேடில் திறந்தாவது எந்தக் கால் எந்தக் கம்பியில் என்று படித்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடித்த வரைபடத்தை விட மனமில்லாமல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், அதையே கிகேட்டில் திறக்கலாம் என்றதும் சமாதானமானான். திறந்ததில் ரிலேயின் துளை சிறியதாக இருந்தது, ரெசிஸ்டருக்கு 0.8 மி.மீ. போதும், ரிலேயின் தட்டைக் காலுக்கு 1.3 வேண்டும் என்று மாற்றிக்கொண்டான். பிளவையும் அவனே வரைந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தாளில் அச்செடுத்துத் தெர்மாகோலில் குத்திப் பார்த்தோம். ஐசி இறங்கியது, கறுப்புப் பெட்டி இறங்கியது, ரிலேயின் ஐந்து கால்களும் இறங்கின. எட்டு வழிப் பிளாக் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. வியாழக்கிழமை சரக்கு வரும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அளந்து பார்த்த பிறகே கெர்பரை அனுப்புவோம்.